பாதி விலைக்கு வந்த கீ

“அண்ணே, கேமைக் காணோம்ணே.”

காலையில் கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தேன். பாலிடெக்னிக் படிக்கிற தம்பி. வகுப்புக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்திருந்தான். லேப்டாப்பைத் திறந்து ஸ்டீமைக் காட்டினான். இடப்பக்கப் பட்டியலில் நான்கு மாதமாக இருந்த கார்ப் பந்தய விளையாட்டின் பெயர் அங்கே இல்லை. கோப்புகள் ஹார்ட் டிஸ்கில் இடத்தை அடைத்துக்கொண்டு அப்படியேதான் கிடந்தன. அதைத் திறந்து ஆடும் உரிமை மட்டும் போய்விட்டது. கீ ரத்து செய்யப்பட்டிருக்கிறது, வாங்கிய இடத்தில் கேட்டுக்கொள்ளவும் என்று ஓர் அறிவிப்பு.

அந்தக் கீயை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்.

தேனியில் பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீஸும் செய்துவருகிறேன். இது 2022 ஆகஸ்டில் நடந்தது. அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் இப்படி 43 கீ வாங்கிக் கொடுத்திருந்தேன். கல்லாப்பெட்டிக்குக் கீழே ஒரு 192 பக்க நோட்டு உண்டு. தேதி, பையன் பெயர், விளையாட்டு, தொகை எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஒரு கீக்கு நூறு ரூபாய் எனக்கு. அந்த நோட்டில் இருப்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இதே வேலையைச் செய்கிற கடைக்காரர்கள் நம் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். கம்ப்யூட்டர் விளையாட்டுகள் இப்போது சிடியில் வருவதில்லை. ஸ்டீம் மாதிரியான ஆன்லைன் கடையில் கணக்கு வைத்து, அங்கேயே காசு கட்டி வாங்கலாம். இல்லையென்றால் வெளியில் எங்காவது ஒரு கீ வாங்கி அந்தக் கணக்கில் அடிக்கலாம். ஐந்தைந்தாக மூன்று கட்டம், மொத்தம் பதினைந்து எழுத்தும் எண்ணும். கீயை அடித்ததும் விளையாட்டு உங்கள் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். விளையாட்டைத் தயாரித்தவர்கள் தங்கள் சொந்தத் தளத்திலோ வேறு கடைகளிலோ விற்பதற்காக இந்தக் கீகளை ஸ்டீமிடமிருந்தே பெற்றுக்கொள்கிறார்கள். ஸ்டீமின் கடையில் நேராக விற்றால் பொதுவாக 30 சதவீதம் ஸ்டீமுக்குப் போகும். வெளியே விற்கிற கீக்கு ஸ்டீம் எதுவும் எடுப்பதில்லை. அதுவரைக்கும் எல்லாம் நேர்மையான வியாபாரம்தான்.

சிக்கல் அதற்கு அடுத்த சந்தையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பெயர் பதிந்து, கையில் இருக்கிற கீயை விற்கலாம் என்று திறந்து வைத்திருக்கும் தளங்கள் உண்டு. தளம் வெறும் சந்தைத் திடல். கடை போடுகிறவர் வேறு. 2019 தீபாவளி சமயத்தில் ஒரு பையன் வந்து, “அண்ணே, ஸ்டீம்ல ரெண்டாயிரம் போட்டிருக்கு, இதுல ஆயிரத்து இரநூறுதான்ணே, உங்க கார்டுல போட்டுத் தர்றீங்களா?” என்று கேட்டான். போட்டுக் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் கீ மெயிலில் வந்தது. அடித்தோம், வேலை செய்தது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷம். அந்த வாரத்திலேயே இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 43 கீயில் 36 கீ இன்றுவரை எந்தத் தகராறும் செய்யவில்லை. இந்த மாதிரித் தளம் எல்லாமே ஏமாற்று என்று யாராவது சொன்னால் பையன்கள் நம்பமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுடைய சிநேகிதர்களுக்கு வேலை செய்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. பத்துக் கீ வேலை செய்ததும் பதினோராவதற்கு நான் கேள்வியே கேட்கவில்லை. வேலை செய்கிறது என்பதை வைத்து அது நல்ல சரக்கு என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு தப்பு என்று எனக்குப் புரியவைத்தவர் கம்ப்யூட்டர் பழக்கமே இல்லாத ஒரு மனிதர்.

கேமைக் காணோம் என்று வந்த பாலிடெக்னிக் பையனின் அப்பா. போடியில் ஏலக்காய் வியாபாரம். அன்று சாயங்காலம் மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, டீயைக் குடித்துவிட்டு, “யார்கிட்ட வாங்குனீங்க தம்பி?” என்றார். தளத்தின் பெயரைச் சொன்னேன். “அது சந்தை பேரு. வித்தது யாரு?” விற்றவரின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர், பக்கத்தில் 98 சதவீதம் நல்ல மதிப்பீடு. “ஆளு எந்த ஊரு?” தெரியாது. “அவருக்கு இது எங்கேர்ந்து வந்துச்சு?” தெரியாது. “பில்லு?” அதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “எங்க ஏலத்துல லாட்டுக்கு நம்பர் இருக்கும். சாம்பிள் குடுப்பாங்க. எந்தத் தோட்டத்துக் காயின்னு கேட்டாச் சொல்ல ஆளு இருக்கும். அதுக்கு வெளிய ஒருத்தன் சாக்கைத் தூக்கிட்டு வந்து, கிலோவுக்கு ஐந்நூறு கம்மியாத் தர்றேன்னா, காயி நல்லா இருக்கான்னு நான் பாக்க மாட்டேன். எந்த எஸ்டேட்ல காணாமப் போச்சுன்னுதான் மொதல்ல யோசிப்பேன். காயி நல்லாத்தான் இருக்கும். திருடுன காயும் மணக்கத்தானே செய்யும்.”

பையன் கீக்குக் கொடுத்திருந்த 1,750 ரூபாயை எடுத்து நீட்டினேன். பையனைப் பார்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். போகும்போது, “கணக்கு தெரிஞ்சவரு, நீங்க இதைக் கேட்டிருக்கணும்” என்றார். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தக் கீகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எல்லாம் திருட்டு இல்லை. ஒரு நாட்டில் விலை குறைவு, இன்னொரு நாட்டில் அதிகம். குறைந்த இடத்தில் வாங்கி அதிக விலை இடத்தில் விற்கிறார்கள். ஹம்பிள் பண்டில் போன்ற இடங்களில் ஏழெட்டு விளையாட்டை மொத்தமாக ஒரு சின்னத் தொகைக்குத் தருவார்கள். அதை வாங்கிப் பிரித்துச் சில்லறையில் விற்கிறார்கள். யூடியூப் விமர்சகர் என்று சொல்லிக்கொண்டு தயாரிப்பாளர்களுக்கு மெயில் அனுப்பி, இலவசமாகக் கீ வாங்கி, விமர்சனம் எதுவும் செய்யாமல் விற்றுவிடுகிறவர்களும் உண்டு. இவை போக நான்காவதாக ஒன்று இருக்கிறது. பையனின் விளையாட்டு காணாமல் போனது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

யாரோ ஒருவருடைய கிரெடிட் கார்டு விவரம் திருடு போகிறது. திருடியவன் அதைக் கொண்டு டிவி, ஃபோன் வாங்கினால் வீட்டு முகவரி கொடுக்க வேண்டும், மாட்டிக்கொள்வான். விளையாட்டுக் கீக்கு முகவரி வேண்டாம். தயாரிப்பாளரின் தளத்தில் கார்டைப் போட்டால் நொடியில் கீ கைக்கு வந்துவிடும். அதைச் சந்தைத் தளத்தில் பாதி விலைக்குப் போட்டாலும் அவனுக்கு முழு லாபம், கைக்காசு ஒன்றும் போகவில்லையே. ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்துக் கார்டுக்குச் சொந்தக்காரர் ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கிறார், இது நான் வாங்கியதில்லை என்று வங்கியில் புகார் கொடுக்கிறார். வங்கி அந்தத் தொகையைத் தயாரிப்பாளரிடமிருந்து திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. அதோடு விடுவதில்லை, ஒவ்வொரு புகாருக்கும் தனியாக ஒரு கட்டணமும் போடுகிறது. காசும் போய், கீயும் போய், மேலே அபராதமும் கட்டிய தயாரிப்பாளர் கடைசியில் அந்தக் கீயை ரத்து செய்கிறார். அந்தக் கீ அப்போது தேனியில் ஒரு பாலிடெக்னிக் பையனின் லேப்டாப்பில் இருக்கும். திருடியவன் காசை எண்ணிவிட்டுப் போய் மாதக்கணக்கு ஆகியிருக்கும். நான்கு மாதம் ஓடிய பிறகு விளையாட்டு மறைவதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் நிறுவனம் ஃபார் க்ரை 4 உள்ளிட்ட விளையாட்டுகளின் கீகளைக் கூட்டமாக ரத்து செய்தது. திருட்டுக் கார்டுகளைக் கொண்டு இன்னொரு நிறுவனத்தின் கடையில் வாங்கப்பட்டு, சந்தைத் தளங்கள் வழியாகக் கைமாறிய கீகள் அவை. காசு கொடுத்து வாங்கியவர்கள் கத்திய பிறகு, ஏற்கெனவே ஆடத் தொடங்கியிருந்தவர்களுக்கு மட்டும் விளையாட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லாத் தயாரிப்பாளரும் அப்படிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. கொடுக்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை.

இன்னொன்று செக் நாட்டில் நடந்தது. பிராக் நகரில் வூப் சாஃப்ட்வேர் என்று ஒரு சிறிய நிறுவனம், ஃபேக்டோரியோ விளையாட்டைச் செய்தவர்கள். ஆரம்ப வருடங்களில் தங்கள் தளத்திலேயே கீ விற்றபோது திருட்டுக் கார்டு வாடிக்கையாளர்களிடம் சிக்கினார்கள். 2019 ஜூலையில் ஜி2ஏ என்ற சந்தைத் தளம், திருட்டுக் கீ எங்கள் தளத்தில் விற்கப்பட்டதாக நிரூபித்தால், தயாரிப்பாளருக்கு அதனால் ஏற்பட்ட நஷ்டத்தைப்போல் பத்து மடங்கு தருகிறோம் என்று அறிவித்தது. வூப் தன்னிடமிருந்த கீப் பட்டியலை அனுப்பியது. 2020 மே மாதம் அந்தத் தளமே ஒப்புக்கொண்டது: அந்தப் பட்டியலில் 198 கீ 2016இல் தங்கள் தளத்தில் விற்கப்பட்டவைதான். 39,600 டாலர் கொடுத்தார்கள். கீ ஒன்றுக்கு 200 டாலர். இது வெளியே வந்த ஒரு கணக்கு, ஒரு விளையாட்டு. அதே 2019இல் நோ மோர் ரோபோட்ஸ் என்ற சிறிய நிறுவனத்தை நடத்தும் மைக் ரோஸ், இந்த மாதிரி இடத்தில் வாங்குவதைவிட எங்கள் விளையாட்டைத் திருட்டுப் பிரதி எடுத்தே ஆடிவிடுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். தன் சரக்கை இலவசமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிற அளவுக்கு ஒரு தொழில்காரர் நொந்துபோயிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சி. அவருக்குச் சல்லிக்காசு போகாத விற்பனையில் நான் நூறு நூறு ரூபாயாகக் கமிஷன் எடுத்திருக்கிறேன்.

விளையாட்டு என்றால் கோடிக்கணக்கில் புரளும் அமெரிக்க நிறுவனம் என்றுதான் நம்மில் பல பேருக்கு நினைப்பு. 2023 ஜூலையில் ‘வெண்பா’ வந்தது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் அழிந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்து பார்க்கிற விளையாட்டு. டொராண்டோவில் ‘விசை கேம்ஸ்’ என்று தமிழ்ப் பெயர் வைத்த ஒரு சின்னக் குழு செய்தது. அடுத்த வருடம் பாஃப்டாவில் அறிமுக விளையாட்டுக்கான விருது வாங்கியது. கல்லூரி மாணவி ஒருத்தி என் கடைக் கம்ப்யூட்டரில் அதை ஆடிக் காட்டியபோது, இட்லித் தட்டை அடுக்கும் வரிசையைப் பார்த்து என் மனைவி கையைத் தட்டினாள். இந்த மாதிரிச் சின்னக் குழுவின் கணக்கில் திருட்டுக் கார்டுப் புகார் நூறு வந்து விழுந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

சரி, போடிப் பையனுடையது போக மீதி ஆறு கீக்கு வருகிறேன். நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பவை.

மூன்று கீ அடிக்கும்போதே, ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று வந்தது. இரண்டுக்குத் தளம் வேறு கீ கொடுத்தது. மூன்றாவதற்குக் கொடுக்கவில்லை, அதற்குக் காரணம் நான். அக்கா மகனின் பிறந்தநாளுக்குத் தருவதற்காக ஒருவர் முன்கூட்டியே வாங்கிவைக்கச் சொன்னார். வாங்கி மெயிலில் வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்துப் பிறந்தநாளன்று அடித்தால் போகவில்லை. புகார் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது, கீ பழுதில்லாமல் கொடுக்கப்பட்டது என்று பதில். அதற்குள் விற்றவனே அதை இன்னொருவருக்கும் விற்றிருக்கலாம். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஒரு கீ ரஷ்யப் பக்கத்து நாடுகளுக்கானது. விற்பனைப் பக்கத்தில் உலகம் முழுதும் செல்லும் என்று போட்டிருந்தான். நம் ஊரில் அடித்தால் உங்கள் நாட்டில் இது செல்லாது என்றது. விற்றவனிடம் கேட்டதற்கு, விபிஎன் போட்டு அந்த நாட்டில் இருப்பதுபோல் காட்டி அடியுங்கள் என்று ஒரு வழிகாட்டியே அனுப்பினான். பையன் ஆசையாகத்தான் இருந்தான். நான் செய்யவில்லை. இருக்கிற இடத்தை மறைத்து வாங்குவது ஸ்டீமின் விதிக்கு விரோதம், கணக்கையே முடக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆயிரம் ரூபாய் விளையாட்டுக்காக அவன் ஐந்து வருடமாகச் சேர்த்த முழுப் பட்டியலையும் பணயம் வைக்கச் சொல்கிறார்கள். தளம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் வங்கிக் கணக்குக்கு வரவில்லை. அவர்களுடைய வாலட்டிலேயே வரவு வைத்தார்கள். மறுபடியும் அங்கேயே செலவழிக்க வேண்டும்.

ஒன்று கீயே இல்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘அக்கவுன்ட்’ என்று போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. வந்தது யாரோ ஒருவரின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும். அதில் போய் ஆடிக்கொள் என்கிறார்கள். ஆறு வாரம் ஓடியது, பிறகு பாஸ்வேர்டு மாறிவிட்டது. இன்னும் ஒரு கீ ஐந்தாவது மாதம் ரத்தானது, போடிப் பையனுக்கு நடந்த மாதிரியே.

பணத்தை வாங்க நான் முட்டிய கதவுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் மூடின. ஸ்டீம் சப்போர்ட்டில், வெளியில் வாங்கிய கீக்கு நாங்கள் பணம் தர முடியாது, விற்றவரிடம் கேளுங்கள் என்றார்கள். நியாயம்தான், அவர்களிடம் நான் காசு கொடுக்கவில்லையே. தளத்தில், விற்றவரின் கணக்கு இப்போது இல்லை, கெடுவும் தாண்டிவிட்டது என்றார்கள். வங்கியில் மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்களுக்குத் தெரியாம யாராவது எடுத்திருந்தா வேற. நீங்களே ஓடிபி போட்டுக் கட்டியிருக்கீங்க, கேட்ட பொருளும் வந்திருக்கு. நாலு மாசம் கழிச்சு என்ன சார் பண்ண முடியும்?” என்றார்.

பணம் மிச்சம் என்று நினைத்தோமே, அதையும் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரே ஒரு பதிவை மட்டும் சொல்கிறேன். ஸ்டீமில் 2,999 ரூபாய். சந்தைத் தளத்தில் பளிச்சென்று போட்டிருந்த விலை 1,690. காசு கட்டும் பக்கத்துக்குப் போனதும் சேவைக் கட்டணம் 120 சேர்ந்தது. கீ வேலை செய்யாவிட்டால் உதவுகிற ‘பாதுகாப்பு’க்கு 75, அது தானாகவே டிக் ஆகியிருந்தது. வெளிநாட்டுப் பணமாற்றத்துக்கு வங்கி 3.5 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் எடுத்தது. மொத்தம் 1,963. என் நூறையும் சேர்த்தால் 2,063. அடுத்த மாதம் ஸ்டீமின் கோடைத் தள்ளுபடியில் அதே விளையாட்டு பாதி விலை, 1,499. பில்லோடு, திருப்பிக் கொடுக்கும் வசதியோடு.

அந்தத் தளங்கள் போடுகிற தள்ளுபடிச் சதவீதத்தையும் நம்பாதீர்கள். பெரும்பாலும் ஐரோப்பிய விலையையோ அமெரிக்க விலையையோ வைத்து 60 சதவீதம், 70 சதவீதம் என்று போடுகிறார்கள். ஸ்டீம் 2015 கடைசியிலிருந்து இந்தியாவுக்கு ரூபாயில் விலை போடுகிறது. பல விளையாட்டுகளுக்கு அது டாலர் விலையைவிடக் குறைவு. நமக்கு ஏற்கெனவே குறைந்திருக்கிற விலையோடு ஒப்பிட்டால் அந்த 70 சதவீதம் 20, 25 என்று சுருங்கிவிடும். சில சமயம் ஒன்றுமே மிஞ்சாது.

இப்போது கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் அந்த விளையாட்டை ஸ்டீமின் விஷ்லிஸ்ட்டில் போட்டு வை. விலை குறைந்தால் மெயில் வரும். ஜூன் கடைசியில் கோடைத் தள்ளுபடி, டிசம்பர் கடைசியில் குளிர்காலத் தள்ளுபடி, நடுவில் வசந்தத்துக்கும் இலையுதிர்காலத்துக்கும் ஒவ்வொன்று. வந்து ஒரு வருடம் ஆன விளையாட்டு பெரும்பாலும் இதில் ஒன்றில் கணிசமாகக் குறையும். யுபிஐயிலேயே கட்டலாம், என் கார்டு தேவையில்லை. பிடிக்கவில்லையா, வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இந்த வசதி 2015இலிருந்து இருக்கிறது. வெளியில் வாங்கிய கீக்கு இது கிடையாது.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவனிடம் எபிக் கேம்ஸைக் காட்டுகிறேன். வாராவாரம் ஏதாவது ஒரு விளையாட்டு இலவசமாகவே தருகிறார்கள், சட்டப்படி. நோட்டில் 2020 பிப்ரவரிப் பக்கத்தில் ஒரு பையன் ஜிடிஏ 5 கீ வாங்கியதாக எழுதியிருக்கிறது. அந்த மே மாதமே எபிக்கில் ஜிடிஏ 5 இலவசமாக வந்தது. அவன் டீக்கடையில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசு அது. நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

கீயாகத்தான் வாங்க வேண்டும் என்றால், தயாரிப்பாளரிடமிருந்து நேராகச் சரக்கு எடுக்கிற கடைகள் இருக்கின்றன. ஹம்பிள், ஃபனடிக்கல், கிரீன் மேன் கேமிங் மாதிரி. சந்தைத் தளத்துக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் பார்க்க ஒரு வழி உண்டு. விற்பனைப் பக்கத்தில் ஒரே விளையாட்டுக்குப் பத்துப் பதினைந்து பெயர் தெரியாத விற்பனையாளர்கள், ஆளுக்கொரு விலை என்று வரிசையாக நின்றால் அது சந்தைத் திடல். அங்கிருந்து வெளியே வந்துவிடுங்கள். ‘ஈஸ் தேர் எனி டீல்’ என்ற தளம் நேர்மையான கடைகளின் விலையைப் பக்கம் பக்கமாகக் காட்டும். இதுவரை இறங்கிய மிகக் குறைந்த விலை எவ்வளவு என்பதும் அதில் தெரியும்.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளேஸ்டேஷன் வாலட் கோடு எந்த நாட்டுக்கானதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் ஏறும். அமெரிக்கக் கோடு மலிவாக வந்தது என்று வாங்கி இந்தியக் கணக்கில் போட்டால் ஏறாது. அந்தக் கோடு எண்ணைத் திறந்து பார்த்த பிறகு எந்த விற்பனையாளரும் திரும்ப எடுக்கமாட்டார்.

ஃபோனில் ஆடுகிற சின்னப் பிள்ளைகளின் விஷயம் இதைவிட மோசம். டெலிகிராமிலும் இன்ஸ்டாவிலும் டைமண்ட், யூசி என்கிற விளையாட்டுக் காசு பாதி விலைக்கு என்று வருகிறவர்கள் கணக்கின் லாகின் விவரத்தையே கேட்கிறார்கள். ஓடிபி கேட்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவின் ஃபோனில் வந்த ஓடிபியைக் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே என் கடைக்கு வந்தான். போனது 4,800 ரூபாய், அந்தம்மாவின் மகளிர் குழுத் தவணைக் காசு. உடனே 1930க்கு ஃபோன் போட்டுக் கொடுத்தேன். சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண் அது. பணம் கைமாறுவதற்கு முன்னால், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போனதுதான். வீட்டில் பிள்ளையை அடித்துவிட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள், முதலில் ஃபோன் போடுங்கள்.

கார்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் முதல் புதிதாகக் கொடுக்கிற கார்டுகளில் ஆன்லைன், வெளிநாட்டுப் பயன்பாடு இரண்டும் மூடித்தான் வரும், நாமே திறந்தால்தான் உண்டு என்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. இந்தக் கீ வியாபாரத்துக்காக அந்தக் கதவைத் திறந்தவன், இரண்டு வருடம் திறந்தே வைத்திருந்தேன். கார்டு எண்ணையும் அந்தத் தளத்திலேயே சேமித்து வைத்திருந்தேன். வெளிநாட்டுத் தளங்கள் சிலவற்றில் ஓடிபி கேட்காமலே பணம் போகும். யாரும் எடுக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம். உங்கள் வங்கி ஆப்பில் இப்போதே பாருங்கள். தேவையில்லை என்றால் மூடிவிடுங்கள்.

நான் கீ வாங்கித் தருவதை 2022இலேயே நிறுத்திவிட்டேன். போடிப் பையன் அந்தக் கார்ப் பந்தயத்தை அந்த வருட டிசம்பர் தள்ளுபடியில் ஸ்டீமிலேயே வாங்கினான். இன்னும் அவன் பட்டியலில் இருக்கிறது. வேலை செய்துகொண்டிருக்கும் 36 கீக்காரர்களில் ஃபோன் எண் கிடைத்தவர்களிடமெல்லாம், அது எந்த வழியில் வந்ததென்று எனக்குத் தெரியாது என்பதைச் சொல்லிவிட்டேன்.

காசு நஷ்டப்பட்டது ஐந்து பேருக்கு. மூன்று பேருக்கு, என் கமிஷனையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இரண்டு பேர் பாக்கி. ஒருவர் 2020 டிசம்பரில் கால்பந்து விளையாட்டுக்கான அக்கவுன்ட் வாங்கியவர், அப்போது பெரியகுளத்தில் பி.காம். படித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் 2021 செப்டம்பரில் வாங்கியவர், கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு எண்ணும் இப்போது வேறு யாரிடமோ இருக்கின்றன. தம்பிகளா, இதைப் படித்தால் கடைக்கு வாருங்கள். உங்கள் பெயர் எழுதிய கவர் இரண்டும் நோட்டுக்குள்ளேயே இருக்கின்றன.